ஐந்து நிமிட வெப்சைட்டும் ஒரு பொத்தானும்

"ஐந்தே நிமிடத்தில் நிறுவிவிடலாம்" என்று வேர்ட்பிரஸ்காரர்கள் ரொம்ப நாளாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் எனக்கு மூன்று நாள் ஆனது. அதற்கப்புறம் அதிலிருந்து ஒரே ஒரு பொத்தானை எடுக்க ஒரு மாதம் ஆனது. அந்தக் கதைதான் இது. பி.காம். படிக்கிறோம் என்றாலே கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படி என்று நினைக்கிற சொந்தக்காரர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். என்றைக்காவது மாட்டிக்கொண்டால் உதவட்டும்.

எங்கள் ஊர் ஆனைக்குட்டம். அர்ஜுனா நதியில் அணை கட்டியிருக்கும் ஊர் என்று சொன்னால் சிலருக்குத் தெரியும். சிவகாசிப் பக்கம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். உடனே அடுத்த கேள்வி, "பட்டாசு டிஸ்கவுண்ட்ல கிடைக்குமா?" காலேஜில் சேர்ந்த முதல் நாளே என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள் :-)

என் மாமா (அம்மாவின் தம்பி) லைசென்ஸ் எடுத்துச் சின்னதாய் ஒரு பட்டாசுக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்தது. யாரோ ஒருவர் வந்து 12,000 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. மூன்றாவது வருடம் புதுப்பிக்கிற பணம் கட்ட மாமா மறந்துவிட்டார். ஒரு நாள் காலையில் பார்த்தால் கடை பெயரை அடித்தால் வெறும் வெள்ளைப் பக்கம். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டொமைன் பெயர் மாமா பெயரில் பதிவாகவே இல்லை. பக்கங்கள் அவர்களுடைய சொந்த மென்பொருளில் செய்தவை, வெளியே எடுக்க முடியாது. போட்டோ, விலைப்பட்டியல், வாடிக்கையாளர் எழுதிய நல்ல வார்த்தைகள் எல்லாம் போச்சு. வாடகை வீட்டுக்கு நம் காசில் வெள்ளையடித்து, கதவு மாட்டி, கடைசியில் வெளியே நின்ற கதைதான்.

"தாயி, நீ ஒண்ணு போட்டுக் குடு. இந்தத் தடவ நம்ம சொந்தமா இருக்கணும்" என்றார் மாமா. அந்த "சொந்தமா" என்ற வார்த்தைக்காகத்தான் வேர்ட்பிரஸ் பக்கம் போனேன்.

வேர்ட்பிரஸ் பிறந்த கதையே சொந்தம் பற்றியதுதான். 2003 வாக்கில் பி2 என்று ஒரு மென்பொருள் இருந்தது. மிஷெல் வால்ட்ரிகி என்பவர் எழுதியது. திடீரென்று அவரைக் காணோம், புதுப்பிப்பும் நின்றுவிட்டது. அதை நம்பிப் பக்கம் வைத்திருந்தவர்கள் எல்லாம் எங்கள் மாமா மாதிரி முழித்திருக்க வேண்டும். ஆனால் அது ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது அதே உரிமையோடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அமெரிக்காவில் கல்லூரிப் பையனாக இருந்த மாட் முல்லன்வெக் "நான் இதைத் தொடர்ந்து செய்யலாமா என்று யோசிக்கிறேன்" என்று 2003 ஜனவரியில் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் "நானும் வருகிறேன்" என்றார். 2003 மே 27 அன்று முதல் வெளியீடு வந்தது. விட்டுப் போனவரைத் தேடிப் பிடித்து அனுமதி வாங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. உரிமத்திலேயே அனுமதி இருந்தது. இன்று உலகத்து இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஓடுவது இதில்தான்.

வேர்ட்பிரஸ் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் என்ற கம்பெனி நடத்துகிற சேவை. லாட்ஜில் ரூம் எடுக்கிற மாதிரி. டாட் ஆர்க் என்பது மென்பொருளை இலவசமாக இறக்கி நாமே நிறுவிக்கொள்வது. சொந்த மனையில் வீடு கட்டுகிற மாதிரி. நான் எடுத்தது இரண்டாவது. மென்பொருள்தான் இலவசம். மனைக்குக் காசு உண்டு. டொமைன் பெயரும் ஹோஸ்டிங்கும் சேர்த்து முதல் வருடம் 3,200 ரூபாய் ஆனது. டொமைனை மாமா பெயரில், மாமா மெயிலில், மாமா போன் நம்பரில் பதிந்தேன். இந்த ஒரு வேலையை மட்டுமாவது தயவுசெய்து எல்லோரும் ஒழுங்காகச் செய்யுங்கள். மற்றதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் என் லேப்டாப்பிலேயே எக்ஸாம்ப் என்ற மென்பொருளைப் போட்டுப் பழகினேன். வேர்ட்பிரஸ் ஓட பிஎச்பியும், மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்ற தரவுத்தளமும் வேண்டும். எக்ஸாம்ப் இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கொடுத்துவிடும். ஒரு காலி தரவுத்தளம் உருவாக்கி, அதன் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் கொடுத்தால், தளத்துக்கு என்ன தலைப்பு என்று கேட்கும். சொன்னால் முடிந்தது. உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான். அம்மா டீ போட்டு முடிப்பதற்குள் "வணக்கம் உலகே" வந்துவிட்டது.

மிச்ச மூன்று நாள் எங்கே போனது? தமிழில் போனது.

முதல் வம்பு, லேப்டாப்பில் செய்ததை ஹோஸ்டிங்குக்கு ஏற்றியபோது. குருவி வெடி, சங்குசக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு என்று ஆசை ஆசையாய் அடித்து வைத்த பட்டியல் முழுக்கத் தலையில் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்துகளாக நின்றது. கோப்பை ஏற்றும்போது எழுத்துக் குறியீடு லத்தீன்1 என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி மறுபடி ஏற்றியதும் தமிழ் திரும்பி வந்தது. ஒரு இரவு முழுக்க அழாத குறை.

இரண்டாவது வம்பு இன்னும் வேடிக்கை. "சிவகாசி பட்டாசு விலைப்பட்டியல்" என்று ஒரு பக்கம் போட்டேன். அதன் முகவரி "சிவகாசி-பட்டாசு-விலைப்பட" என்பதோடு நின்றுவிட்டது. யாரோ கத்தரிக்கோல் வைத்தது போல. காரணம் இதுதான். யூனிகோடில் "சி" என்பது ஓரெழுத்து இல்லை, ச ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறிகள். ஒவ்வொரு குறியும் மூன்று பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறி, இரண்டு எழுத்து என்று மூன்று இடத்தில் எழுத வேண்டும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். வேர்ட்பிரஸ் அந்தப் பெட்டிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். 22 தமிழ்க் குறிகளோடு கதை முடிந்தது. இங்கிலீஷ்காரன் 200 எழுத்தில் ஒரு கட்டுரையே எழுதலாம், நமக்கு இரண்டரை வார்த்தை! கடைசியில் முகவரியை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் சுருக்கமாக வைத்தேன். தலைப்பு தமிழிலேயே இருக்கிறது.

இப்போது பொத்தான் கதைக்கு வருகிறேன்.

விலைப்பட்டியலுக்காக வூகாமர்ஸ் என்ற செருகுநிரலைப் போட்டிருந்தேன். அதைப் போட்டாலே ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் "வாங்கு" பொத்தான் தானாக வந்துவிடும். மாமாவுக்கு அதைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "இதத்தான் தாயி கேட்டேன். பேங்க்கோட இணைச்சிரு, சென்னைக்காரன் படுத்துக்கிட்டே ஆர்டர் போடுவான்."

எனக்குத் தெரியும், இணைக்கக் கூடாது என்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் சொன்ன தீர்ப்பில், இணையதளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கவோ விற்கவோ கூடாது என்று இருக்கிறது. சரவெடிக்குத் தடை வந்ததும் அதே தீர்ப்பில்தான். எங்கள் ஊரில் சரவெடித் தடை எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அது எத்தனையோ பேரின் கூலியில் கை வைத்தது. ஆன்லைன் தடை மட்டும் ஏனோ யார் காதிலும் சரியாக ஏறவில்லை.

மாமாவிடம் சொன்னேன். "ஊரே விக்குது, நமக்கு மட்டும் சட்டமா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தீபாவளிக்கு முந்தைய சில வாரம்தான் அவருக்கு வருடம். அதை விட்டால் மழை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை. பேங்க் பேப்பர் வரவில்லை, சர்வர் சரியில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, பணம் கட்டுகிற வசதியை இணைக்காமல், பொத்தானை மட்டும் அப்படியே விட்டு வைத்தேன். இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கடைக்குப் போன் செய்தார். வயதானவர் குரல். பேரப்பிள்ளைகளுக்காக 7,400 ரூபாய் கட்டி இருபது நாள் ஆகிறதாம், பட்டாசு வரவில்லை, கட்டிய நம்பரும் எடுக்கவில்லையாம். போட்டோவில் இருந்த கடைப் பெயரை வைத்துத் தேடி எங்கள் நம்பரைப் பிடித்திருக்கிறார். "நான் ரிட்டயர்டு ஆளுங்க. பாதியாவது அனுப்பி வைங்க" என்றார். மாமா யாரிடமும் பணம் வாங்கவில்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் நம்பவில்லை. கடைசியில் திட்டாமல் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் அனுப்பிய முகவரியைத் திறந்து பார்த்தேன். நான் எடுத்த போட்டோ. மாமா கடை வாசல், மாமா வைத்த வாழைமரம், எங்கள் முகவரி, வேறு போன் நம்பர். அதுவும் வேர்ட்பிரஸ். நான் போட்ட அதே இலவச தீம். அதே "வாங்கு" பொத்தான். ஒரே வித்தியாசம், அவர்களுடையது வேலை செய்தது.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இலவசம், திறமூலம், யாரும் எடுக்கலாம் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன்! அந்த "யாரும்" என்பதில் அவனும் உண்டு. மென்பொருள் ஆள் பார்த்துக் கதவு திறப்பதில்லை. அது சரிதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இல்லையென்றால் எனக்கும் கிடைத்திருக்காது. ஆனால் நான் அதில் என்ன வைத்தேன் என்பதற்கு நான்தானே பொறுப்பு? என் தளத்தில் அந்தப் பொத்தானை விட்டு வைத்ததால், பார்க்கிறவர்களுக்கு என் பக்கத்துக்கும் திருடன் பக்கத்துக்கும் வித்தியாசமே தெரியாமல் செய்துவிட்டேன்.

மாமாவிடம் இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினேன். "இதுல எது மாமா நம்மது?" ரொம்ப நேரம் பார்த்தார். போன் நம்பரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அவருடைய கடையை அவருக்கே தெரியவில்லை. "எடுத்துரு தாயி" என்றார்.

எடுப்பது ஒரே வரி. எந்தப் பொருளும் வாங்கத்தக்கது இல்லை என்று வூகாமர்ஸிடம் சொல்கிற ஒரு வரியைத் தீமின் செயல்கள் கோப்பில் சேர்த்தால், எல்லாப் பொத்தானும் ஒரே நொடியில் மறைந்துவிடும். (நேராக அசல் தீமில் எழுதாதீர்கள். தீம் புதுப்பிக்கும்போது அழிந்துவிடும். சைல்டு தீம் என்று ஒன்று செய்து அதில் எழுதுங்கள்.)

பொத்தான் போன இடத்தில் வேறு விஷயங்கள் வந்தன. முதல் பக்கத்தின் மேலேயே பெரிய எழுத்தில், "எங்கள் கடை எந்த இணையதளத்திலும் பணம் வாங்குவதில்லை. அப்படிக் கேட்டால் அது நாங்கள் இல்லை." அதற்குக் கீழே மாமாவின் முழுப் பெயர், லைசென்ஸ் எண், கடைக்கு வரும் வழி, புகார் சொல்ல ஒரு நம்பர். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில், இணையத்தில் விற்பவர் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலரின் விவரம் எல்லாம் வெளிப்படையாகப் போட வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் இணையத்தில் விற்கவில்லை, ஆனாலும் அளவுகோல் நல்லதாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன். பரீட்சைக்காகப் படித்தது முதல் தடவையாக உருப்படியாய் உதவியது. போட்டோக்களின் மேல் கடைப் பெயரைக் குறுக்காக அடித்துவிட்டேன்.

கோயம்புத்தூர்க்காரருக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைச் சொன்னோம். பணம் போனதும் உடனே கூப்பிட்டால்தான் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். இருபது நாள் ரொம்பத் தாமதம். அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. இப்படி ஏமாந்தவர் அவர் ஒருவர் இல்லை. 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவே பட்டாசுப் போலித் தளங்களைப் பற்றி எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

வியாபாரம் எப்படி என்று கேட்பீர்கள். பிரமாதமாக ஏறவில்லை. படுத்துக்கொண்டே ஆர்டர் போடுகிற சென்னைக்காரர் வரவில்லை. மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் பட்டியலைப் போனில் பார்த்துவிட்டு நேரில் வந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர், "பணம் கேக்கலன்னு போட்டிருந்தீங்க, அதான் நம்பி வந்தோம்" என்று மாமாவிடம் சொன்னார்களாம். மாமா இதை என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டார். அக்கவுண்ட்ஸில் குட்வில் என்று ஒன்று படிக்கிறோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது.

வாரம் ஒருமுறை தளத்தைக் காப்பு எடுத்து ஒரு பென் டிரைவில் மாமாவிடம் கொடுக்கிறேன். கல்லாப்பெட்டியில், சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாளைக்கு நான் வேலைக்குப் போய்விட்டாலும், வேறு யாராவது அதை எடுத்து அரை மணி நேரத்தில் கடையைத் திரும்ப நிறுத்திவிடலாம் என்பது மட்டும் தெரியும்.

அப்புறம், பட்டாசு டிஸ்கவுண்டில் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: நேரில் வாங்க, மாமாவிடம் பேசிக்கொள்ளலாம் :-)