பாட்டில் கழுவும் அறை

மைசூருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அங்குள்ள மானசகங்கோத்ரி வளாகத்தில் நிலவியல் படித்த ஒரு பெண், இன்று பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் ஆய்வு மாணவியாகக் கடல்நீரில் கரைந்திருக்கும் இரும்பை அளந்துகொண்டிருக்கிறார். வாசலிலேயே என் செருப்பைக் காட்டி, "மைசூர் மண்ணை வெளியிலேயே விட்டுட்டு வாங்க சார்" என்றார். கேலி இல்லை, கணக்கு. நடுக்கடலில் ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள இரும்பு பெரும்பாலும் 1 நானோமோலைத் தாண்டாது. அதாவது 56 நானோகிராம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள செம்மண் துகளில் அவ்வளவு இரும்பு இருந்துவிடும்.

கைக்கடிகாரம், பெல்ட், பேனா எல்லாம் வெளியே. தொப்பி, முழு அங்கி, இரட்டைக் கையுறை. உள்ளே இடுக்கிகூட பிளாஸ்டிக்தான்.

விருந்தாளிகளை நேரே, அணுக்களை எடைவாரியாக எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிடம் அழைத்துப் போவது வழக்கமாம். எனக்கு அதைவிடப் பிடித்தது பாட்டில் கழுவும் அறை. ஐம்பதைத் தாண்டிய உதவியாளர் ஒருவர் அங்கே ராஜா. மாணவர்கள் அவரை அண்ணா என்கிறார்கள். சோப்பு நீர், பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு மீதூய நீர் என்று ஒரு பாட்டில் தயாராக வாரக்கணக்கில் ஆகிறது. அமிலம் நிரப்பிய பாட்டிலை முதலில் நிமிர்த்தி வைக்கிறார். சில நாள் கழித்துத் தலைகீழாக. மூடியின் உட்புறமும் ஊற வேண்டுமே! வாய்ப்பகுதியில் விரல் பட்டால், கையுறை போட்ட விரலாக இருந்தாலும், அந்த பாட்டில் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகிறது.

இத்தனை பாடும் அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று அறியத்தான். இரும்புக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள்: 54, 56, 57, 58. சுமார் 92 சதவீதம் 56தான். இவற்றின் விகிதத்தில் வரும் மிகச் சிறிய மாற்றம், இரும்பு பாலைவனத் தூசியிலிருந்து வந்ததா, ஆக்சிஜன் குறைந்த கடலடிச் சேற்றிலிருந்து கசிந்ததா என்று துப்புக் கொடுக்கும். வட அட்லாண்டிக்கில் கரைந்த இரும்பில் 71 முதல் 87 சதவீதம் சகாராத் தூசியின் கொடை என்று கான்வே, ஜான் ஆகியோர் 2014இல் கணக்கிட்டது இப்படித்தான். கடலின் நுண்பாசிக்கு இரும்பு உணவு. அதை நாமே போட்டால் என்ன என்று 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் லோஹாஃபெக்ஸ் பயணத்தில் தென் அட்லாண்டிக்கில் இரும்பு சல்பேட்டைக் கரைத்துப் பார்த்தன. பாசி வளர்ந்தது, சிறு கடல் பூச்சிகள் மேய்ந்துவிட்டன. பாசி காற்றிலிருந்து உறிஞ்சியதில் ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பம்.

அளப்பதிலும் ஒரு வில்லங்கம். அந்த ஸ்பெக்ட்ரோமீட்டரின் பிளாஸ்மாவில் ஆர்கான் 40, ஆக்சிஜன் 16 இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 56! அதைப் பிரித்தறிய உயர் பிரிதிறன் வேண்டும். லிட்டர் நீரை ரெசின் மணிகளில் ஓட்டி இரும்பை மட்டும் பிடித்து, சில துளிகளாக வடிக்கிறார்கள். வழியில் ஏற்படும் பிசகைத் திருத்த, 57ம் 58ம் செறிந்த கரைசலை முன்கூட்டியே கலந்துவிடுகிறார்கள்.

அதற்கெல்லாம் முன்னால் பிளாங்க் பார்க்க வேண்டும். கடல்நீரே இல்லாமல் எல்லா வேலையையும் செய்து, நாமே எவ்வளவு இரும்பைச் சேர்த்தோம் என்று கண்டுபிடிப்பது. அது ஏறினால் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது கழுவும் அறையை. "மெஷின் எண்ணிக் கொடுக்குது, அவ்வளவுதான்" என்கிறார் அண்ணா. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

தன் ஆய்வேட்டின் நன்றியுரையில் அண்ணாவின் பெயர் உண்டு என்றார் அந்த மைசூர் மாணவி. இனிஷியல் இரண்டு, ஒன்றை விட்டுவிடக் கூடாது என்று அண்ணா ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.