சுவர் போனால் சமத்துவம் வந்துவிடுமா?

கூடம் ஒன்று, அதிலே வரிசை வரிசையாக மேசைகள், நாமோ 40 பேர். இடையே சுவரில்லை, திரையில்லை. "தடுப்பு நீங்கிற்று, இனித் தோழமை தழைக்கும்" என்றனர் நிர்வாகத்தார். செவிக்கு இனிமைதான்!

கண்டது என்ன? ஒருவர் தொலைபேசியில் பேச, ஒன்பதின்மர் கணக்குக் குலைகிறது. உரக்கப் பேச அஞ்சி, அடுத்த நாற்காலித் தோழருக்கே மின்னஞ்சல் விடுக்கிறோம்!

இது நமது முணுமுணுப்பு மட்டுமன்று. இரு பெரு நிறுவனங்களின் தலைமையகங்கள் திறந்த கூடங்களாக மாறியபோது, பெர்ன்ஸ்டைன், டர்பன் எனும் அமெரிக்க ஆய்வாளர்கள், பணியாளர்க்கு உணர்கருவி அணிவித்து அளந்தனர். நேரில் பேசுவது 100க்கு ஏறத்தாழ 70 பங்கு குறைந்தது. மின்னஞ்சல் பெருகிற்று என 2018இல் அறிவித்தனர்.

1950களின் பிற்பகுதியில் மேற்கு ஜெர்மனியில் ஷ்னெல்லே உடன்பிறந்தார் இருவர் திறந்த கூடத்தை வகுத்தபோது, மேலோர் கீழோர் வேற்றுமையைக் குறைக்கும் நோக்கமும் இருந்தது. செடிகளும் திரைகளும் இருந்தன. பின்வந்த முதலாளிமார் பலர் நோக்கத்தை விட்டனர், செடியை விட்டனர். வாடகை மிச்சத்தை மட்டும் விடவில்லை!

நம் கூடத்தின் கோடியிலே கதவுள்ள அறை ஒன்று உண்டு, அது மேலாளருடையது. கண்காணிக்கப்படுவோர்க்குத் திறந்த வெளி, கண்காணிப்போர்க்கு மூடிய கதவு. இதற்குப் பெயர் சமத்துவமா?

சுவர்களை மீண்டும் எழுப்புக என்று நாம் கேட்கவில்லை. சிந்திக்க அமைதியான அறை சில, தொலைபேசிக்குத் தனியிடம், மேசையை மாற்றுமுன் அதிலே அமர்வோர் கருத்து: இவையே நமது கோரிக்கை. உழைப்பவரைக் கேளாமல் அமைத்த கூடம், எத்துணை விரிந்ததாயினும், அவருக்குக் கூண்டேயாகும்!