வலையில்லா வசந்தம்

பின்லாந்தின் தென்கிழக்கில் இருக்கும் சைமா ஏரியை ஒற்றை ஏரி என்று சொல்வதே கஷ்டம். ஆயிரக்கணக்கான தீவுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும் தண்ணீர் அது. பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகியதும், அவற்றின் பாரத்தில் அமிழ்ந்து கிடந்த நிலம் மெல்ல மேலெழுந்தது. கடலுக்கான வழி அடைபட்டது. உள்ளே சிக்கிக்கொண்ட வளையச் சீல்கள் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளாக இந்த நன்னீரிலேயே வாழ்கின்றன. உலகில் வேறு எங்கும் இல்லாத துணையினம் இது. உள்ளூர்க்காரர்கள் நோர்ப்பா என்கிறார்கள். இன்று உயிரோடு இருப்பவை ஐந்நூறு அளவில்தான்.

அதைப் பார்க்க மே மாதம்தான் தோது. குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் கிடந்த சீல்கள் பழைய மயிரை உதிர்ப்பதற்காகப் பாறைகளில் ஏறி வெயில் காயும். ஹெல்சிங்கியில் ரயிலேறி, பாரிக்கலாவில் சின்ன ரயிலுக்கு மாறி, சவோன்லின்னா போய்ச் சேர்ந்தேன். ஏரிக்கரைச் சந்தையில் கம்பு மாவைப் போலக் கருத்த ரை மாவில் புரட்டிப் பொரித்த முயிக்கு என்ற பொடிமீனைத் தட்டு நிறையத் தருகிறார்கள். தலையோடு தின்னலாம். சீலும் இந்த மீனைத் தின்னும். மனிதனுக்கும் அந்த விலங்குக்கும் நடந்த தகராறின் வேர் இந்தத் தட்டில் இருக்கிறது.

மீனுக்குப் போட்டி என்று சீலை வெறுத்த காலம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதைக் கொன்றவர்களுக்கு அரசே பரிசுப் பணம் கொடுத்தது. 1955-இல் சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். ஆனாலும் எண்ணிக்கை ஏறவில்லை. காகிதக்கூழ் ஆலைகளிலிருந்து பாதரசம் ஏரியில் கலந்து இனப்பெருக்கத்தைக் கெடுத்தது. அதே காலத்தில் நைலான் வலை வந்தது. 1980-களில் எஞ்சியவை 150 அளவில்தான் என்று கணக்கிட்டார்கள்.

ஒராவி என்ற சிற்றூரிலிருந்து லின்னன்சாரி தேசியப் பூங்காவின் தீவுகளுக்குப் படகு போகிறது. படகை ஓட்டிய இளம்பெண்தான் வழிகாட்டியும். ஹௌகிவெசி என்னும் பரப்புக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். பிறகு எஞ்சினையே நிறுத்தினார். அவர் கை காட்டிய இடத்தில் எனக்குப் பாறை மட்டுமே தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோதுதான் பாறையின் ஒரு பகுதி மூச்சு விட்டது. பழுப்பேறிய பழைய மயிர் முதுகில் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. உரிந்த இடங்களில் புது மயிர் கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளக்க, அதன்மேல் வெளிறிய வளையங்கள். கைரேகையைப் போல ஒன்றுக்கு இருக்கும் வளையக் கோலம் மற்றொன்றுக்கு இருக்காது. ஆய்வாளர்கள் படம் எடுத்து வைத்து ஒவ்வொரு சீலையும் அடையாளம் காண்கிறார்கள். பின்துடுப்புகளை விரித்து மடக்கிவிட்டு அது கண்ணை மூடிக்கொண்டது.

"தலையைத் தூக்கி நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் பயந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது நாம் விலகிப் போய்விட வேண்டும்" என்றார் வழிகாட்டி. அது தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அவர் ஜனவரியில் பனி குவிக்கப் போகிறவர். சைமாச் சீல் குட்டி போடுவது பிப்ரவரி, மார்ச்சில். தீவுகளின் கரையோரம் காற்று பனியை அடித்துக் குவிக்கும். ஏரியின் உறைபனியைக் கீழிருந்து துளைத்து, அந்தக் குவியலுக்குள் தாய் வளை குடைகிறது. நாலைந்து கிலோ எடையில் பிறக்கும் குட்டியைக் குளிரிலிருந்தும் நரியிலிருந்தும் காப்பது அந்த வளை ஒன்றுதான். புவி சூடாகிறது, பனி குறைகிறது, வளைக்கு இடமில்லை. அதனால் தன்னார்வலர்கள் பனி வாரிகளோடு வந்து, சுற்றுப்புறத்துப் பனியையெல்லாம் தள்ளிச் சேர்த்து, ஏழெட்டு மீட்டர் நீளத்துக்குக் கெட்டித்துவிட்டுப் போகிறார்கள். கிழக்கு பின்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் சோதித்துத் தேர்ந்த முறை இது. அரசின் வன, பூங்கா நிர்வாகமான மெட்சாஹல்லிடுஸ் வேலையை நடத்துகிறது. 2014-இல் பனி பொய்த்தபோது முதல்முறையாகப் பெரிய அளவில் இருநூறுக்கும் மேற்பட்ட குவியல்களைக் கட்டினார்கள். அந்த ஆண்டுக் குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை அவற்றுக்குள்தான் பிறந்தன.

"நாங்கள் கட்டியதில் குட்டி பிறந்ததா என்று ஏப்ரல் கணக்கெடுப்பில்தான் தெரியும். இடிந்த வளையில் குட்டியின் மயிர் கிடக்கும். அதைக் கையில் எடுக்கும்போது கை விறைத்த வலியெல்லாம் போய்விடும்" என்றார். வாரிச் சேர்க்கவே பனியில்லாத குளிர்காலங்களும் வரப்போகின்றன. அதற்காகச் செயற்கைக் கூடுகளையும் சோதித்து வருகிறார்கள்.

பனி குவிக்கும் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்துவிட்டன. டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பு 2016 முதல் பாறையில் கேமரா வைத்து நேரலை காட்ட, புல்லெர்வோ என்ற சீலுக்கு நாடெங்கும் ரசிகர்கள். எல்லாம் நல்லதே. ஆனால் இந்த இனம் இன்று இருப்பதற்கு முதல் காரணமாக நான் நினைப்பது யாரும் படம் பிடிக்காத ஒன்றை. வசந்தத்தில் வலை போடாமல் இருப்பது.

ஏப்ரலில் வளை உருகியதும் குட்டி தானாக இரை தேடப் பழகுகிறது. அப்போது தண்ணீரில் செவுள் வலை நின்றால் கதை முடிந்தது. பெரிய சீல் முட்டி மோதி அறுத்துக்கொண்டு போகும். குட்டிக்கு அந்தப் பலம் இல்லை. மேலே வந்து மூச்சு விட முடியாமல் சில நிமிடங்களில் இறந்துவிடும். இங்கே ஏரியின் பெரும்பகுதி கரைநிலக்காரர்களின் கூட்டுச் சொத்து. பாட்டன் காலத்திலிருந்து வலை போட்டவர்களை ஒரே உத்தரவில் நிறுத்த முடியாது. அரசு ஊர் ஊராகப் பேசி, இழப்பீடு கொடுத்து ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தத்துக்கு வராத இடங்களுக்காக 2011-இல் ஆணை வந்தது. சீல் வாழும் நீர்ப்பரப்பில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை வலை கூடாது.

ஒராவிக்கு அருகே ஒரு பெரியவர் தன் படகுக் கொட்டகையைத் திறந்து காட்டினார். ஆணியில் பழைய வலை சுருட்டித் தொங்கியது. கீழே கதிஸ்கா என்னும் கம்பிக் கூண்டு. மீன் உள்ளே நுழையும் வாயில் கையை வைத்துக் காட்டினார். பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் விரியக் கூடாது என்பது விதி. விரிந்தால் குட்டியின் தலை உள்ளே போய்ச் சிக்கிவிடும்.

"ஆணை வந்த வருஷம் எனக்குக் கோபம்தான் ஐயா. என் தண்ணீரில் நான் என்ன செய்ய வேண்டும் என்று ஹெல்சிங்கியில் இருப்பவன் சொல்வதா என்று கத்தினேன். அடுத்த கோடையில் இதோ இந்தப் பாறையில் ஒரு குட்டி ஏறிப் படுத்தது. என் மனைவி ஜன்னலைவிட்டு நகரவே இல்லை" என்றார்.

அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். நகரத்தார் ரசிக்கும் விலங்குக்காகத் தன் சாப்பாட்டு மீனை விட்டுக்கொடுத்தவர் அவர்.

ஜூலை ஒன்றாம் தேதி வலைகள் திரும்ப இறங்குகின்றன. அந்த வருஷத்துக் குட்டிகள் அப்போதும் விவரமறியாதவை, அப்போதும் செத்துப்போகின்றன. ஜூலையையும் சேர்க்கச் சொல்லி இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டு வருகின்றன. கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் என்பது கோடை வீட்டுக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கின் இழப்பு, ஐந்நூறு அளவிலேயே உள்ள இனத்துக்கு ஒவ்வொரு குட்டியும் கணக்கு. பெரியவர் ஜூலையிலும் வலை போடுவதில்லை. கதிஸ்காவும் தூண்டிலும் இரண்டு பேருக்குப் போதுமாம். அந்தக் கரையில் வேறு சில வீடுகளும் அப்படித்தான் என்றார். மீதி வீடுகளில் மிட்சம்மர் திருநாளுக்குப் பேரப்பிள்ளைகளோடு எல்லோரும் வந்து சேர்வார்கள், அப்போது போய்ப் பேசிப் பார்க்கப்போவதாகச் சொன்னார்.