மலிவுத் துப்பாக்கியும் மண்ணின் கணக்கும்

மலிவாகக் கிடைக்கும் பொருளை வாங்கலாமா என்று ஆராய்வோர் பெரும்பாலும் பொருளை மட்டுமே ஆராய்கின்றனர். அது எவ்வகை இரும்பால் ஆனது, எத்தனை ஆண்டுகள் உழைக்கும், விலை உயர்ந்ததற்கும் இதற்கும் வேறுபாடு யாது என்று கேட்கின்றனர். அப்பொருள் எந்த மண்ணில், எவர் கையில், எவருடைய வீட்டுக்கு அருகில் பயன்படப் போகிறது என்று கேட்போர் சிலரே. குடையோ கத்தரிக்கோலோ வாங்கும்போது இக்கேள்வியை விட்டுவிட்டால் பெருங்கேடு ஒன்றும் நேராது. வாங்கப்போவது வேட்டைத் துப்பாக்கி என்றால், விடப்பட்ட அந்த ஒரு கேள்வி ஓர் உயிரின் விலையாகிவிடக் கூடும்.

கிள்ளானை அடுத்த காப்பாருக்கு வடக்கே ஐந்து ஏக்கர் செம்பனை நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு இவ்வினா எழுந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்து, ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தைக் கொண்டு முதுமையில் நிலம் வாங்கியவர் அவர். காய்ப்பு ஓய்ந்த கிழமரங்களை வீழ்த்திவிட்டு ஏறத்தாழ 280 கன்றுகளை மறுநடவு செய்தார். செம்பனைக் கன்று காய்ப்புக்கு வர முப்பது மாதம் ஆகும். அதுவரை வருவாய் இல்லை. உரச் செலவு மட்டும் உண்டு. அந்தக் காலத்தில்தான் காட்டுப்பன்றிகள் வந்தன. பன்றி கன்றின் அடியைக் கிளறிச் சாய்த்து, உள்ளிருக்கும் இளங்குருத்தைத் தின்றுவிடும். குருத்திழந்த பனை மீண்டும் தழைப்பதில்லை. ஒரே கிழமையில் முப்பது கன்றுகள் அழிந்தன. பெரியவருக்கு எழுபதை நெருங்கும் வயது. இன்னொரு மறுநடவுக்குப் பணமும் இல்லை, ஆயுளும் போதாது.

தீபாவளி விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அவருடைய தங்கை மகன், பிரிக்பீல்ட்சில் உள்ள தாய்வீட்டில் இச்செய்தியைக் கேட்டான். “மாமா, அங்கே உழவர்கள் வைத்திருப்பது போல்ட் துப்பாக்கிதான். முன்போல் பெரும்பணம் கொடுக்க வேண்டியதில்லை. மலிவான துப்பாக்கியே குறி தப்பாமல் சுடுகிறது. அப்படி ஒன்று இருந்தால் உங்கள் கவலை தீர்ந்துவிடுமே!” என்றான். “வாங்கத்தக்க பொருள்தானா என்று முதலில் சொல் மாப்பிள்ளை, வாங்கலாமா என்பதைப் பிறகு பார்ப்போம்” என்றார் பெரியவர். அவருடைய மறுமொழியில் இரண்டு வினாக்கள் உள்ளன. இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் நன்று.

முதல் வினா பொருளைப் பற்றியது. போல்ட் துப்பாக்கியின் உள்ளமைப்பு வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை ஒத்தது. பிடியைத் தூக்கி இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் புதிய தோட்டா குழலுக்குள் செல்லும். பிடியைத் தாழ்த்தினால் தாழ் விழுந்து குழலின் பின்வாய் இறுகப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சூட்டுக்கும் கை ஒருமுறை உழைத்தாக வேண்டும். ஜெர்மானியரான பால் மௌசர் 1898இல் நிறைவுறச் செய்த அமைப்பே பிற்காலத்து வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றுக்கும் தாய். குமாவோன் மலையில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டுக்கு, 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றமைக்காகப் பரிசாகக் கிடைத்த ரிக்பி துப்பாக்கியும் மௌசர் அமைப்பைக் கொண்டதே.

அக்காலத்தில் இத்தகைய துப்பாக்கி செல்வர்க்கே எட்டியது. தேர்ந்த கைவினைஞர் அரமும் கையுமாக அமர்ந்து உறுப்புக்கு உறுப்பு இழைத்துப் பொருத்தியதே அதற்குக் காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அந்தக் கையுழைப்பைக் குறைக்க வழி தேடின. 1948இல் ரெமிங்டன் நிறுவனம், உருண்டைக் கம்பியைக் கடைந்தே துப்பாக்கியின் உடற்பகுதியைச் செய்யும் முறையைத் தன் 721ஆம் மாதிரியில் கையாண்டது. 1958இல் வெளிவந்த சாவேஜ் 110இல் குழலை உடலோடு பொருத்தும் நுண்ணிய இடைவெளி ஒரு மரையைத் திருகியே அமைக்கப்பட்டது. விலை குறைந்தது, குறியோ கெடவில்லை. இன்று மலிவுத் துப்பாக்கிகள் பலவும் நூறு கெஜத் தொலைவில் ஏறத்தாழ ஓர் அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைச் செலுத்த வல்லவை. பாட்டனார் காலத்துச் செல்வர் பெருமையோடு காட்டியிருக்கக்கூடிய திறன் அது.

ஆனால் குறைத்த விலை எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும். அக்ரூட் மரக்கட்டைக்கு மாறாக நெகிழிக் கட்டை, மெருகில்லாத இரும்பு, இழுக்கும்போது உராயும் தாழ் ஆகியவற்றில் அச்சிக்கனம் தெரியும். இவை கண்ணுக்குக் குறையேயன்றிப் பயனுக்குப் பெருங்குறை அல்ல. சிக்கனம் எல்லை கடந்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1936இல் பிறந்து புகழ்பெற்ற வின்செஸ்டர் 70 துப்பாக்கியை அந்நிறுவனம் 1964இல் மலிவான முறைக்கு மாற்றியது. தோட்டாவைத் தொடக்கத்திலிருந்தே கவ்விச் செல்லும் இரும்பு நகம் அதில் கைவிடப்பட்டது. வேட்டைக்காரர் முகம் சுளித்தனர். ‘அறுபத்து நான்குக்கு முந்தியது’ என்பதே உயர்ந்த விலைக்குரிய அடையாளமாயிற்று. பிற்காலத்தில் அந்நிறுவனம் அந்நகத்தை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது. அழகில் செய்த சிக்கனத்தை மக்கள் பொறுப்பர். ஆபத்து வேளையில் நம்பியிருக்கும் உறுப்பில் செய்த சிக்கனத்தைப் பொறுக்கமாட்டார்.

ஆகவே முதல் வினாவுக்கு மருமகன் கூறிய விடை பெரிதும் சரியே. பரந்த மேய்ச்சல் நிலமும், குண்டைத் தாங்கும் மலைச்சரிவும், முறையான உரிமமும் உள்ள நாட்டில், மலிவான போல்ட் துப்பாக்கி கொடுத்த பணத்துக்கு மேலாகவே உழைக்கும். மிச்சமான பணத்தை நல்ல குறிநோக்குக் கண்ணாடிக்கும் பயிற்சித் தோட்டாக்களுக்கும் செலவிடுபவன், விலையுயர்ந்த துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுபவனைவிட நன்றாகச் சுடுவான். ஆஸ்திரேலியாவிலும் இது கட்டற்ற உரிமை அன்று. 1996இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், தானியங்கி வகைகளுக்குக் கடுந்தடை வந்தது. தக்க காரணம் காட்டி உரிமம் பெற்ற உழவர் கையில் போல்ட் துப்பாக்கி எஞ்சி நின்றது. கை ஒருமுறை உழைத்தால்தான் அடுத்த குண்டு என்னும் தாமதமே அதற்கு நற்சான்று ஆயிற்று.

இந்தியாவிலும் இதற்கொப்ப ஒரு வரலாறு உண்டு. படையினரின் .303 தோட்டாவைக் குடிமக்கள் வைத்திருத்தல் கூடாது என்று ஆங்கில ஆட்சி தடுத்தமையால், அதே லீ-என்ஃபீல்டு பூட்டுடன் .315 அளவுக் குழல் பொருத்திய துப்பாக்கி வழக்கிற்கு வந்தது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை அதனைச் செய்து விற்றது. எளிய இந்திய வேட்டைக்காரனின் துப்பாக்கி அதுவே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்குரிய வேட்டையே பெரும்பாலும் மறைந்தது. துப்பாக்கி நன்றாகவே இருந்தது. அதற்குரிய காலம் போய்விட்டது.

இனி இரண்டாம் வினா, மண்ணைப் பற்றியது. காப்பார் சமநிலம். செம்பனை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்படுகிறது. பன்றி வருவது இரவில். அடுத்த தோட்டத்தின் முதிர்ந்த மட்டைகளுக்கிடையே கைவிளக்கின் ஒளி முப்பது நாற்பது மீட்டருக்குமேல் பயன்படுவது அரிது. நூறு கெஜத்தில் ஓர் அங்குலம் என்னும் துல்லியத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் வேட்டைத் துப்பாக்கியின் குண்டு மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லவல்லது. பன்றியைத் தவறவிட்ட குண்டையோ, பன்றியைத் துளைத்து வெளியேறிய குண்டையோ தடுத்து நிறுத்த அங்கே குன்று இல்லை. மூன்று கிலோமீட்டர் என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை வீடுகள், எத்தனை பள்ளிகள், கோயிலும் சூராவுமாக எத்தனை வழிபாட்டிடங்கள்! ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்த நிலமெல்லாம் இன்று வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. பன்றி வாழும் காட்டுத் துண்டுக்கும் குழந்தை உறங்கும் அறைக்கும் இடையே சில நூறு அடிகளே உள்ள இடங்களும் உண்டு. இத்தகைய மண்ணில் துப்பாக்கியின் திறனே அதன் குற்றம் ஆகிவிடுகிறது.

சட்டமும் இதனை உணர்ந்தே நிற்கிறது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி உரிமத்தை வழங்குவது மாநிலக் காவல்துறைத் தலைவரின் பொறுப்பு. பயிர்காக்க உழவர்க்கு உரிமம் கிடைக்குமாயின், அது பெரும்பாலும் குறுந்தொலைவுக்குச் சிதறி ஓயும் ரவைத் துப்பாக்கிக்கே. உரிமம் ஆளுக்கு உரியது. அண்டை வீட்டாரின் துப்பாக்கியை ஓரிரவு இரவல் பெறுவதும் குற்றமாகும். 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டப்படி, முறையற்று வைத்திருப்போர்க்குப் பதினான்கு ஆண்டுவரை சிறையும், ஆறு அடிக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கப்படலாம். பன்றியை வேட்டையாட வனவிலங்குத் துறையின் உரிமமும் வேண்டும். முப்பது கன்றுகளுக்காகப் பதினான்கு ஆண்டுகளைப் பணயம் வைப்பவன் கணக்கு அறியாதவன்.

இவற்றோடு, பெரியவரின் நெஞ்சில் மற்றொரு கணக்கும் இருந்தது. தோட்டத் தமிழருக்குத் துப்பாக்கி புதியதன்று. அதன் பின்புறம்தான் அவர்களுக்குப் புதியது. துப்பாக்கி துரையின் பங்களாச் சுவரில் தொங்கியது. தொழிலாளி தகரத்தைத் தட்டியும் நாயை ஏவியும் விலங்கை விரட்டினான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அப்போராட்டத்தின் முடிவில் துப்பாக்கிகள் வெடித்தன. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், சட்டத்துக்குப் புறம்பாக ஆயுதம் வைத்திருப்போர்க்குத் தூக்குத் தண்டனை காத்திருந்தது. இந்நினைவுகளைத் தந்தையர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, துப்பாக்கி வைத்திருப்பது கருவி வைத்திருப்பது மட்டும் அன்று. துரையின் இடத்தில் நின்று பார்க்கும் ஆசையும் அதில் ஒளிந்திருக்கலாம். அவ்வாசை இயல்பே, ஆயினும் அது கன்றைக் காக்காது.

துப்பாக்கியை நன்கு அறிந்த ஒருவரின் வாழ்வும் இங்கே எண்ணத்தக்கது. பிரிக்பீல்ட்சுக்கு அண்மையில், 1910இல் எழுந்த கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹபக். அவருடைய உடன்பிறந்தார் தியோடர் ஹபக், யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் வேட்டையாடியதில் பேர்பெற்றவர். அவ்வேட்டையைப் பற்றி 1905இல் நூலும் எழுதினார். அவரே பின்னாளில் விலங்குகளின் காவலராக மாறி, மலாயாவின் வனவிலங்கு நிலையை ஆராய்ந்து 1932இல் பேரறிக்கை அளித்தார். அவர் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக 1938–39இல் அமைந்த தேசியப் பூங்காவே இன்றைய தாமான் நெகாரா. எங்கே சுடலாம், எங்கே சுடலாகாது என்னும் எல்லைக்கோட்டை வரைய முன்வந்தவர் நன்றாகச் சுடத் தெரிந்தவரே.

பெரியவர் மருமகனிடம் சினம் கொள்ளவில்லை. தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டார். எஞ்சிய 250 கன்றுகளையும் சுற்றிக் கம்பிவலை வளையம் இட ஆகும் செலவு ஒருபுறம். துப்பாக்கி, தோட்டா, பூட்டுப்பெட்டி, உரிமத்துக்கான அலைச்சல் மறுபுறம். பெண்பன்றி ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் ஈனும். ஒன்றைச் சுட்டால் நாளை மற்றொன்று வரும்; வலையோ உறங்காமல் நிற்கும். “என் கண் மங்கி வருகிறது மாப்பிள்ளை. இருட்டில் பன்றியையும் ஆளையும் பிரித்தறிய முடியாதவன் கையில் உன் நல்ல துப்பாக்கி எதற்கு?” என்றார். மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், வலைக்காகும் பணத்தில் பாதியைத் தான் தருவதாகக் கூறினான்.

வலையைத் தாண்டியும் பன்றிகள் வந்தால், உரிமமும் பழக்கமும் உள்ள வேட்டைக்காரரைத் துறையின் ஒப்புதலோடு அழைப்பது என்று முடிவாயிற்று. அப்போதும் அண்டையிலுள்ள மலாய்க் குடும்பத்தாருக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும், வீழ்ந்த விலங்கை அவர்கள் கண்ணில் படாமல் அப்புறப்படுத்த வேண்டும் என்பது பெரியவர் விதித்த நிபந்தனை. எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறாத செலவு இது. பல இனத்தார் அருகருகே வாழும் மண்ணில் இதனை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றக் கணக்குகளை எழுத வேண்டும்.

மலிவான போல்ட் துப்பாக்கி நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. அகன்ற நிலமும் தெளிந்த கண்ணும் முறையான உரிமமும் உடையவர் அதனைத் தயங்காது வாங்கலாம். இம்மூன்றில் ஒன்று இல்லாதவர்க்கு அது இலவசமாகக் கிடைத்தாலும் விலை மிகுதியே. கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறுநில உழவர் பலர்க்கு முதலாவதே இல்லை. கம்பிவலையின் விலையைக் கேட்டறிவதுதான் அவர்கள் செய்யத்தக்க முதல் வேலை.