தகரத்தில் ஒரு மல்லிகை

மல்லிகை வெயிலின் பிள்ளை. பெரகலயோ மூடுபனியின் ஊர். கொழும்புப் பாதை அப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்குமாகப் பிரியும் அந்தச் சந்தியில், எதிரே வரும் மனிதனை நண்பகலிலும் மேகம் மறைத்துவிடும். அங்கே குண்டுமல்லி வளர்க்கப் பிடிவாதம் வேண்டும். என் தாய்க்கு அது நிறையவே இருந்தது.

லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு. மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் துளையிட்டு, மணலும் மக்கிய சாணமும் கலந்து கொடியை நட்டாள். வேரில் நீர் தங்கினால் அழுகிவிடும் அல்லவா? பகலில் தகரம் இஸ்தோப்பின் வெயில் மூலைக்குப் போகும். இரவில் அடுப்புச் சுவரோரம் வந்துவிடும். தை பிறந்ததும் கொப்புகளைக் குறுக்குவாள். புதுத் தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும்; தேயிலைக் கவாத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாதா! இத்தனைக்கும் பிறகு, சித்திரையில் ஒரு கைப்பிடிப் பூ.

குளிருக்காகவே தகரம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வார்களாம்! 1974இல் அவர்களையும் சரிபாதியாக்கினார்கள்.

எழுபதுகளில் பக்கத்துக் காம்பராக் குடும்பம் தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்டது. தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையாம். குளிரிலிருந்து குளிருக்கு, கொழுந்திலிருந்து கொழுந்துக்கு! அந்த வீட்டம்மாள் ஒரு கொப்புக் கேட்டாள். அம்மா ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தாள்.

"அங்கயாவது மண்ணுல நட்டுருங்க அக்கா" என்றாள்.

தகரத்தின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கொப்பு வேர்பிடித்ததா என்று கடிதம் எதுவும் வரவில்லை.

நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. அம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. தலைமுறை தலைமுறையாய் அதில் வாழ்பவன் கையில் காணி உறுதி இல்லை. ஆயினும் துருவேறிய தகரத்தை உடைத்து, அந்தக் கொடியின் வழிவந்த கன்றை அடுப்புச் சுவரோரம் மண்ணிலேயே நட்டுவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆடிக்காற்று இரண்டு கொப்புகளை முறித்துப்போட்டது. தை பிறந்ததும் குறுக்க வேண்டும்.