37 வயதில் கோல் கீப்பர்

இலங்கையில் ஹொக்கி என்றால் மாத்தளை. அந்த ஊரிலேயே பிறந்து, ஸ்டிக்கைத் தொடாமலேயே 37 வயதுக்கு வந்துவிட்ட இருவர் நாங்கள். கலாசாலையில் ஒரே பெட்ச். இப்போது ஒரே பாடசாலை. ஒருவர் கணிதம், மற்றவர் தமிழ்.

கடந்த வருடம் பழைய மாணவர்களோடு ஆடுவதற்கு ஆசிரியர் அணி ஒன்று சேர்ந்தது. பத்துப் பேர் சரி, கீப்பர் மட்டும் இல்லை. "ஓட ஏலாத ரெண்டு பேர் இருக்காங்களே" என்று எங்களைப் பார்த்தார்கள். முதல் பாதி ஒருவர், இரண்டாம் பாதி மற்றவர். அப்படித்தான் கீப்பர் ஆனோம்.

இருவருக்கும் ஒரே உடுப்பு. கால் பேட்ஸ், சப்பாத்துக்கு மேல் கட்டும் கிக்கர்ஸ், நெஞ்சுக் கவசம், ஹெல்மட். ஒருவர் கழற்றிய ஹெல்மட்டை மற்றவர் போடும்போது வரும் மணத்தை இங்கே எழுத முடியாது. "இந்த வயசுல இது தேவையா?" என்று இரண்டு வீட்டிலும் ஒரே கேள்வி.

பயிற்சி, அஸர் தொழுதுவிட்டு மைதானத்தில். அடிப்பவர்கள் எங்கள் மாணவர்கள். கோலின் அகலம் 3.66 மீற்றர், உயரம் 2.14 மீற்றர். கரும்பலகையில் பரப்பளவு காணக் கொடுத்தால் சின்னக் கணக்கு. உள்ளே போய் நின்றால்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. பந்தின் நிறை 160 கிராம் அளவில்தான், ஆனால் கல் மாதிரி. முதல் நாள் இருபது நிமிடத்தில் பதினொரு கோல் விட்டோம். வகுப்பில் நாங்கள் எழுப்பி நிறுத்தும் பிள்ளைகள் அன்று எங்களை நிறுத்தி அடித்தார்கள்.

பந்துக்குப் பயம் ஒரு கிழமையில் போய்விட்டது. போகாதது வேறொன்று. பந்து உள்ளே போன பிறகு வரும் அந்த ஒரு நொடி. எல்லோரும் திரும்பி உங்களையே பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அந்த நொடியில்தான் அவன் எங்கள் நினைவுக்கு வந்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் 15 வயதுக்குக் கீழ் அணியோடு பொறுப்பாசிரியர்களாகப் போனது நாங்கள் இருவரும்தான். கடைசி நிமிடத்தில் கீப்பரின் கால்களுக்கிடையால் பந்து போய் 1-0 என்று தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் எங்களில் ஒருவர் சொன்னார்: "உன்னாலதான்டா." மற்றவர் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். யார் சொன்னது, யார் பேசாமல் இருந்தது என்று இங்கே பிரித்து எழுதப் போவதில்லை. இரண்டும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை அவன் கீப்பர் உடுப்பைக் கழுவிக் காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து தந்தான். பிறகு மைதானத்துப் பக்கம் வரவில்லை. "விருப்பமில்லை போல" என்று விட்டுவிட்டோம். இன்று நாங்கள் போடுவது அவன் கழுவித் தந்த அதே உடுப்பு.

இப்போது அவன் உயர்தரம் படிக்கிறான். ஒரு நாள் பயிற்சி முடியும் நேரம் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டோம். வந்தான். எங்கள் பேட்ஸின் பட்டியைக் குனிந்து சரியாகக் கட்டிவிட்டுச் சொன்னான்:

"சேர், கோட்டிலயே நிக்காதீங்க. ரெண்டு எட்டு முன்னுக்கு வாங்க. அடிக்கிறவருக்குக் கோல் சின்னதாத் தெரியும்."

அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் மறந்துட்டன் சேர்" என்றான். மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மீண்டும் ஆட வரச் சொல்லிக் கேட்டோம். பரீட்சை இருக்கிறது என்றான். ஆனால் புதன்கிழமைகளில் அரை மணித்தியாலம் வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கீப்பிங் காட்டிக் கொடுக்கிறான். எங்களுக்கும்தான்.

பழைய மாணவர்களோடு ஆடிய ஆட்டத்தில் 4-1 என்று தோற்றோம். இரண்டாவது கோல் எங்கள் கால்களுக்கிடையால்தான் போனது. ஒருவரும் ஏசவில்லை. நாங்கள் பெரிய ஆட்கள், சேர்மார் அல்லவா!

கோலுக்குள் நின்று பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். கீப்பரிடம் வரும் பந்து, அவனுக்கு முன்னால் நிற்கும் பத்துப் பேரையும் தாண்டித்தான் வருகிறது. ஆனால் கடைசியாகத் தொட்டவன் பெயர்தான் சொல்லப்படும்.

எங்கள் தரம் 11 வகுப்பில் தமிழைக்கூட எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. "இவ்வளவு காலமும் என்ன செய்தாய்?" என்று போன வருடம்வரை கேட்டிருப்போம். அந்தப் பிள்ளை பத்து வகுப்புகளைத் தாண்டி எங்களிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஆசிரியர் நின்றிருக்கிறார். சிலவற்றில் நாங்களே நின்றிருக்கிறோம்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பாடசாலை விட்டதும் இருபது நிமிடம் பக்கத்தில் இருத்தி வாசிக்க வைக்கிறோம். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான். போதுமா தெரியாது. துஆச் செய்யுங்கள்.