ஸ்பென்சரின் கிரயப் பத்திரங்கள்

எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது, ஸ்பென்சர் படுத்துவிட்டது. சென்னையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். காலக்கணக்கும் பொருந்துகிறது. ராயப்பேட்டையில் அந்த மால் திறந்தது 2010இல். வேளச்சேரி பீனிக்ஸ் 2013இல். ஆனால் போட்டி வந்ததும் எல்லாக் கடைத்தெருவும் சாய்ந்துவிடுவதில்லை. இத்தனை மால்கள் வந்தபிறகும் தி.நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. அண்ணா சாலையின் நடுநாயகமாக இருந்த ஸ்பென்சர் பிளாசா மட்டும் ஏன் அடி வாங்கியது?

விடை தேடி முதலில் அதன் தளங்களையே சுற்றினேன். மூடிய ஷட்டர்கள் இருந்தன, அதில் வியப்பில்லை. அவை இருந்த விதம்தான் உறுத்தியது. ஒரு கடை புது விளக்கும் கண்ணாடியுமாகப் பளபளக்கிறது. அதை ஒட்டிய கடையின் பூட்டில் துரு. அடுத்து ஒரு காஷ்மீர் கம்பளக் கடை. அதன் எதிர் ஷட்டரில் 'வாடகைக்கு' என்று கைபேசி எண்ணோடு ஒரு தாள். சற்றுத் தள்ளி இன்னொரு தாள், வேறொரு எண். ஒரே கட்டடத்தில் வாடகைக்கு விடுபவர்கள் எத்தனை பேர்! எனக்குக் கிடைத்த முதல் துப்பு அந்த எண்கள்தான்.

அங்கிருந்து பழைய கதைக்குப் போனேன். 1860களில் சார்லஸ் டியூரண்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இருவரின் கடையாகத் தொடங்கியது ஸ்பென்சர். பின்னர் அதை நடத்திய யூஜின் ஓக்‌ஷாட் காலத்தில் அது வளர்ந்து, 1895இல் இதே இடத்தில் டபிள்யூ.என். பாக்சன் வடிவமைத்த செங்கல் மாளிகைக்குக் குடிபுகுந்தது. ரயில் நிலைய உணவகங்கள், பக்கத்து கன்னிமாரா ஹோட்டல், திண்டுக்கல் சுருட்டு என்று அந்த நிறுவனம் கை வைக்காத தொழில் குறைவு. எஸ். முத்தையா அதன் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் கட்டடமும் சரக்கும் கல்லாவும் ஒரே கையில் இருந்தன.

1983இல் மாளிகை தீக்கிரையானது. அந்த முகப்பைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவன் நான். ஆனாலும் அந்த இழப்பை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. 1990களில் அதே நிலத்தில் இன்றைய பிளாசா கட்டம் கட்டமாக எழுந்தது. என் தேடல் போய் நின்றது இங்கேதான்: கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டிருந்தன. அடுக்குமாடி வீடு வாங்குவதுபோலக் கிரயப் பத்திரம், நிலத்தில் பிரிபடாத பங்கு. அன்று அதில் அதிசயம் ஒன்றுமில்லை. வங்கிகள் கட்டுமானத்துக்குத் தாராளமாகக் கடன் தராத காலம்; முன்பணம் வாங்கித்தான் கட்ட முடியும். அந்நிய முதலீட்டுக்குக் கட்டுமானத் துறை தாராளமாகத் திறக்கப்பட்டதே 2005இல்தான்.

பின்னால் வந்த பெரிய மால்கள் கடைகளைக் கையில் வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டன. பெரும்பாலும் குறைந்தபட்ச வாடகையோடு விற்பனையில் ஒரு பங்கும் உண்டு. ஆகவே எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது வரவேண்டும், ஓடாத கடையை எப்போது மாற்றவேண்டும் என்பதெல்லாம் நிர்வாகத்தின் கவலை. ஸ்பென்சரில் அந்தக் கவலையைப் படவேண்டியவர் யார்? பெரிய ஜவுளி நிறுவனம் ஒன்று முழுத் தளம் கேட்டால் அத்தனை சிறு கடைக்காரர்களும் சம்மதிக்கவேண்டும். ஒருவர் மறுத்தால் போயிற்று. பொதுவழிக்கு விளக்கு, குளிர்சாதனம் எல்லாம் மெயின்டனன்ஸ் பணத்தில்தான். கடையைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் ஓனருக்கு அதைக் கட்ட என்ன அவசரம்? கட்டாதவர் பெருகினால் பராமரிப்பு குறையும். பராமரிப்பு குறைந்தால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் இன்னும் சிலர் பூட்டுவார்கள். எக்ஸ்பிரஸ் அவென்யூ இந்தச் சுற்றை வேகப்படுத்தியது, அவ்வளவுதான்.

இதை அங்கே ஒரு கடைக்காரரிடம் சொன்னேன். சின்னக் கடை, 90களிலேயே சேமிப்பைப் போட்டு வாங்கியதாம். நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஆனால் புது மாலில் தன்னைப் போன்றவருக்கு வாடகை கட்டி மாளாது என்றார், வியாபாரம் ஒரு வருடம் படுத்தாலே காலி செய்யச் சொல்லிவிடுவார்களாம். இங்கே பத்திரம் தன் பெயரில் இருப்பதால் எழுப்பிவிட யாராலும் முடியாது என்றார். பேசி முடிப்பதற்குள், அவரையே தேடிவரும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார்.